முதுகெலும்பு அறுவைச் சிகிச்சையின் பலனை அளப்பது எப்படி?

முதுகெலும்பில் அறுவைச் சிகிச்சை செய்துகொள்ளலாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டால், ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடுவதற்கு முன் செய்ய வேண்டிய முதல் வேலை, பக்கத்துக் கடையில் கோடு போட்ட நோட்டு ஒன்றை வாங்குவது. சென்னையில் இயன்முறை சிகிச்சையாளராக வேலை பார்க்கும் நான், அறுவைக்கு முன்பே என்னைப் பார்க்க வருகிற எல்லோரிடமும் இதைச் சொல்கிறேன். அறுவை முடிந்து பயிற்சிக்கு வருபவர்களில் பலருக்கு, செய்துகொண்ட சிகிச்சை பலன் தந்ததா இல்லையா என்று உறுதியாகச் சொல்லத் தெரிவதில்லை. திங்கட்கிழமை "பரவாயில்லை, நல்லா இருக்கு" என்பவர் வியாழக்கிழமை "முன்ன மாதிரியேதான் இருக்கு" என்கிறார். அவர் இரண்டு நாளும் உண்மையைத்தான் சொல்கிறார். முன்பு எப்படி இருந்தது என்பதற்கு எழுத்தில் எதுவும் இல்லாததால், அன்றைய வலியே அளவுகோலாகிவிடுகிறது.

மருத்துவமனை வராந்தாவில் எல்லோரும் கேட்கும் கேள்வி "ஆபரேஷன் பண்ணினா சரியாயிடுமா?" என்பதுதான். இந்தக் கேள்விக்கு நேர்மையான ஒரே பதில் கிடையாது. ஏனென்றால் கால் வலி குறைவது, இடுப்பு வலி குறைவது, மரத்துப்போன இடத்தில் உணர்வு திரும்புவது, தளர்ந்த தசையில் வலு திரும்புவது, மீண்டும் வேலைக்குப் போவது ஆகியவை ஒரே வேகத்தில் நடப்பதில்லை. சிலருக்குச் சில நடப்பதே இல்லை. ஆகவே கேள்வியைப் பிரித்துக் கேட்பதற்கும், வந்த பலனைப் பிரித்து அளப்பதற்கும்தான் இந்த நோட்டு.

முதல் பக்கம்: காலும் இடுப்பும் தனித்தனியே

முதல் பக்கத்தில் இரண்டு பத்திகள் வரைந்து, ஒன்றில் இடுப்பு வலியையும் மற்றொன்றில் கால் வலியையும் குறித்துக்கொள்ளுங்கள். கழுத்துப் பிரச்சினை என்றால் கழுத்தும் கையும் என்று வைத்துக்கொள்ளலாம். வலியே இல்லை என்றால் 0, தாங்கவே முடியாத வலி என்றால் 10. ஒரே ஒரு நாளின் எண்ணை நம்ப வேண்டாம். ஒரு வாரம் தினமும் மாலையில் எழுதிச் சராசரி எடுத்தால் போதும். உட்கொள்ளும் வலி மாத்திரையின் பெயரையும் எண்ணிக்கையையும் பக்கத்திலேயே எழுத வேண்டும், ஏனென்றால் வலி 4 என்று அப்படியே இருந்தும் மாத்திரை முற்றிலும் நின்றிருந்தால் அதுவும் முன்னேற்றமே.

இப்படிப் பிரிப்பதை நான் வற்புறுத்தக் காரணம் உண்டு. விலகிய ஜவ்வோ (எலும்புகளுக்கு இடையே உள்ள டிஸ்க்) தடித்த தசைநாரோ நரம்பு வேரை அழுத்தும்போது, வலி பிட்டத்திலிருந்து தொடை, கெண்டைக்கால், பாதம் என்று சுண்டி இழுக்கிறது. அழுத்தத்தை நீக்கும் அறுவை இந்தக் கால் வலியைக் குறைப்பதில்தான் வலிமையானது. இடுப்பிலேயே நிற்கும் வலிக்கு ஜவ்வு, முள்ளெலும்பு மூட்டு, தசை, உட்காரும் முறை எனப் பல காரணங்கள் ஒன்றாகக் கலந்திருக்கும். அதை அறுவை எந்த அளவுக்குக் குறைக்கும் என்று முன்கூட்டிச் சொல்வது கடினம். உங்கள் பக்கத்தில் கால் 8, இடுப்பு 3 என்று இருந்தால் அறுவையிடம் நியாயமாக எதிர்பார்க்கக்கூடியது நிறைய இருக்கிறது. கால் 2, இடுப்பு 8 என்று இருந்தால், எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட் எவ்வளவு நீளமாக இருந்தாலும், அவசரப்படாமல் மருத்துவரிடம் இன்னும் சில கேள்விகள் கேட்க வேண்டிய நிலையில் இருக்கிறீர்கள்.

எம்.ஆர்.ஐ. பற்றி ஒரு சொல் இங்கேயே சொல்லிவிடுகிறேன். முதுகு வலியே இல்லாத மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் படங்களைத் தொகுத்து 2015-இல் வெளியான ஆய்வு ஒன்றில், ஜவ்வுத் தேய்மானம் 20 வயதினரில் 37 சதவீதத்தினரிடமும் 80 வயதினரில் 96 சதவீதத்தினரிடமும் காணப்பட்டது. "டிஸ்க் தேஞ்சிருக்கு" என்ற வரியை மட்டும் வைத்து யாரும் அறுவைக்கு முடிவெடுக்கக் கூடாது. படத்தில் தெரியும் அழுத்தம், உங்கள் வலி ஓடும் பாதை, மருத்துவர் தொட்டும் தட்டியும் பார்த்துக் கண்டது ஆகிய மூன்றும் ஒரே நரம்பைக் காட்டும்போதுதான் பலன் நன்றாக அமைகிறது.

பத்துக் கேள்விகளும் நம் வீட்டுக் கேள்விகளும்

அடுத்த பக்கம் செயல்பாட்டுக்கு. உலகம் முழுவதும் முதுகு அறுவைகளின் பலனை அளக்க அதிகம் பயன்படும் வினாத்தாள், இங்கிலாந்தின் ஆஸ்வெஸ்ட்ரி என்னும் ஊரின் பெயரைத் தாங்கியது, 1980-இல் வெளியானது. வலியின் கடுமை, குளிப்பது உடுத்துவது போன்ற சொந்த வேலைகள், பாரம் தூக்குதல், நடத்தல், உட்காருதல், நிற்றல், உறங்குதல், தாம்பத்தியம், வெளியே கலந்து பழகுதல், பயணம் என்று பத்துப் பகுதிகள் அதில் உண்டு. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை மதிப்பெண், மொத்தம் 50. கூட்டியதை இரண்டால் பெருக்கினால் சதவீதம் வந்துவிடும். தாம்பத்தியம் பற்றிய கேள்வியை நம்மவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். அப்படி ஒரு கேள்வியை விட்டால் 50-க்குப் பதில் 45-ஆல் வகுத்து நூறால் பெருக்க வேண்டும். பொதுவாக 20 வரை லேசான இயலாமை, 40 வரை நடுத்தரம், 60 வரை கடுமை என்று கொள்கிறார்கள். இயன்முறை சிகிச்சையாளரிடமோ அறுவை மருத்துவரிடமோ கேட்டால் இந்தத் தாளைத் தருவார்கள்.

ஆனால் இந்தத் தாள் நாற்காலியில் உட்காரும் வாழ்க்கைக்காக எழுதப்பட்டது. நம் ஊரில் ஒருவரின் முதுகு உண்மையில் சோதிக்கப்படும் இடங்கள் வேறு. எனவே அதன் கீழே நான் எப்போதும் சில வரிகளைச் சேர்த்து எழுதச் சொல்கிறேன். தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து சாப்பிட்டு எழ முடிகிறதா, இந்திய முறைக் கழிவறையில் குந்தி எழ முடிகிறதா, வாசலில் குனிந்து கோலம் போட முடிகிறதா, மாநகரப் பேருந்தின் உயரமான முதல் படியில் ஏற முடிகிறதா, வேகத்தடையில் இருசக்கர வண்டி ஏறி இறங்கும்போது வலி எங்கே பாய்கிறது, இருபது லிட்டர் தண்ணீர்க் கேனை யார் தூக்கி வைக்கிறார்கள் என்பவை அந்த வரிகள். அறுவைக்குப் பிறகு பிறர் உதவியை நாடாமல் கழிவறைக்குப் போய் வர முடிந்ததையே மிகப் பெரிய பலனாக என்னிடம் சொன்ன மூதாட்டிகள் உண்டு. கேன் தூக்குவதும் தரையில் உட்காருவதும் அறுவைக்குப் பிறகு உங்களுக்கு அனுமதிக்கப்படுமா, எப்போது என்பதை முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். முதுகெலும்புகளை ஒன்றோடொன்று சேர்க்கும் இணைப்பு அறுவை செய்தவர்களுக்கு இதில் கட்டுப்பாடுகள் நீண்ட காலம் இருக்கலாம்.

நடக்கும் தொலைவைத் தெருவிளக்குக் கம்பங்களால் அளப்பது எளிது. முதுகெலும்புக்குள் நரம்புகள் செல்லும் பாதையான தண்டுவடக் கால்வாய் குறுகியவர்கள் சில நிமிடம் நடந்ததும் இரு கால்களும் கனத்துக் குடைந்து உட்கார இடம் தேடுவார்கள். முன்னால் குனிந்தால் தணியும். கபாலீசுவரர் கோயில் வரிசையில் நிமிர்ந்து நிற்க முடியாமல் கம்பியில் சாய்ந்து நிற்பவர், அதே நாளில் மிதிவண்டியை வலியின்றி ஓட்டுவார். எத்தனை கம்பங்கள் தாண்டியதும் உட்காருகிறீர்கள் என்பதை எழுதி வையுங்கள். அறுவைக்குப் பின் இவர்களிடம் முதலில் மாறும் எண்களில் இதுவும் ஒன்று.

எவ்வளவு மாறினால் மாற்றம் என்று சொல்லலாம்? ஆய்வாளர்கள் பொதுவாக ஏற்றுக்கொண்ட குறைந்தபட்சம், ஆஸ்வெஸ்ட்ரி அளவில் சுமார் 10 புள்ளிகளும் வலி அளவில் சுமார் 2 புள்ளிகளும். 54-இலிருந்து 50-க்கு வந்தால் அதை முன்னேற்றம் என்று கொள்ள வேண்டாம். 54-இலிருந்து 24-க்கு வந்தால் அறுவை தன் வேலையைச் செய்திருக்கிறது.

எந்த நோய்க்கு என்ன பலன்

இளம் வயதினருக்கும் நடுவயதினருக்கும் அதிகம் வருவது ஜவ்வு விலகிக் கால் நரம்பு அழுத்தப்படும் நிலை. இதில் நெதர்லாந்தில் நடந்து 2007-இல் வெளியான ஆய்வை நான் அடிக்கடி விளக்குகிறேன். ஆறு முதல் பன்னிரண்டு வாரங்களாகக் கடுமையான கால் வலியில் இருந்த 283 பேரில் பாதிப் பேருக்கு உடனே அறுவை செய்யவும், மீதிப் பேருக்கு மருந்தோடு காத்திருந்து, தேவைப்பட்டால் பிறகு அறுவை செய்யவும் குலுக்கல் முறையில் முடிவு செய்தார்கள். முதலில் அறுவை செய்தவர்களுக்கு வலி வேகமாகக் குறைந்தது. ஓராண்டு முடிவில் இரண்டு குழுவிலும் 95 சதவீதத்தினர் குணமடைந்ததாகச் சொன்னார்கள். காத்திருந்த குழுவில் 39 சதவீதத்தினருக்கு இடையில் அறுவை தேவைப்பட்டது. அதாவது, கால் வலுவிழக்காதவரையில், பலர் இங்கே அறுவையால் பெறுவது விரைவான நிவாரணம். தினக்கூலிக்குப் போகிறவருக்குச் சில வாரங்கள் முன்னதாக எழுந்து நடப்பது பெரிய விஷயம். வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர் காத்திருக்கலாம். இந்த முடிவை நோயாளியின் வாழ்க்கையைத் தெரிந்தவர்கள்தான் எடுக்க வேண்டும். காத்திருப்பதற்கும் எல்லை உண்டு: நான்கு மாதம் முதல் ஓராண்டு வரை நீடித்துவிட்ட கால் வலியில் அறுவையே மேலான பலன் தந்ததாகக் கனடாவில் நடந்து 2020-இல் வெளியான ஆய்வு காட்டியது.

முதியவர்களின் கால்வாய்க் குறுக்கத்தில் அழுத்தத்தை நீக்கும் அறுவை நடையை நன்றாக மீட்கிறது. அமெரிக்காவில் 13 மருத்துவ மையங்களில் நடந்த, ஸ்போர்ட் (SPORT) என்று சுருக்கமாக அழைக்கப்படும் முதுகெலும்பு ஆய்வில், கால்வாய்க் குறுக்கம் பற்றிய பகுதி 2008-இல் வெளியானது. அதைப் படிக்கும்போது ஒரு சிக்கலை மனத்தில் கொள்ள வேண்டும்: குலுக்கலில் அறுவை வேண்டாம் என்று ஒதுக்கப்பட்டவர்களில் 43 சதவீதத்தினர் இரண்டு ஆண்டுக்குள் அறுவை செய்துகொண்டார்கள், அறுவைக்கு ஒதுக்கப்பட்டவர்களில் 67 சதவீதத்தினரே செய்துகொண்டார்கள். குழுக்கள் இப்படிக் கலந்துவிடுவதால் "அறுவை இத்தனை சதவீதம் வெற்றி" என்று யாராவது ஒற்றை எண்ணைச் சொன்னால், அந்த எண் யாரிடமிருந்து, எத்தனை மாதத்தில் எடுக்கப்பட்டது என்று கேளுங்கள்.

அழுத்தத்தை நீக்குவதோடு திருகாணியும் கம்பியும் வைத்து எலும்புகளை இணைக்கவும் வேண்டுமா என்பது இதைவிட முக்கியமான கேள்வி. செலவு, மருத்துவமனையில் தங்கும் நாட்கள், தொற்று அபாயம் எல்லாமே இதில்தான் கூடுகின்றன. ஸ்வீடனில் 50 முதல் 80 வயது வரையுள்ள 247 பேரிடம் நடந்து 2016-இல் வெளியான ஆய்வில், இணைப்பும் சேர்த்துச் செய்தவர்களின் ஆஸ்வெஸ்ட்ரி மதிப்பெண் இரண்டு ஆண்டுக்குப் பின் 27. அழுத்தத்தை மட்டும் நீக்கியவர்களுக்கு 24. இரண்டுக்கும் பொருட்படுத்தத் தக்க வித்தியாசம் இல்லை. எலும்பு சற்று முன்னே நழுவியவர்கள் 267 பேரிடம் நார்வேயில் நடந்து 2021-இல் வெளியான ஆய்வும் பெரும்பாலும் இதையே உறுதி செய்தது. எலும்பு அசையும்போது வெளிப்படையாக நழுவுகிறவர்களுக்கும், எலும்பு முறிவோ கட்டியோ கோணலோ உள்ளவர்களுக்கும் இணைப்பு தேவைப்படும், அது வேறு. மற்றவர்கள், "எனக்கு ஸ்க்ரூ ஏன் வேண்டும், அது இல்லாமல் அழுத்தத்தை மட்டும் எடுத்தால் என்ன ஆகும்?" என்று கேட்டு, பதிலை நோட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். இப்படிக் கேட்பது மருத்துவரை அவமதிப்பதாகாது. நல்ல மருத்துவர்கள் இதற்கு நேரம் ஒதுக்குகிறார்கள்.

நரம்பு அழுத்தம் இல்லாத, நாட்பட்ட இடுப்பு வலிக்கு மட்டும் இணைப்பு அறுவை செய்துகொள்வதில்தான் நான் மிகவும் தயங்குகிறேன். பிரிட்டனில் 349 பேரிடம் நடந்த ஆய்வு 2005-இல் வெளியானது. அறுவை செய்தவர்களின் ஆஸ்வெஸ்ட்ரி மதிப்பெண் இரண்டு ஆண்டில் 46.5-இலிருந்து 34-க்குக் குறைந்தது. அறுவை இல்லாமல் தீவிரமான உடற்பயிற்சியும் வலியைக் கையாளும் பயிற்சியும் பெற்றவர்களுக்கு 44.8-இலிருந்து 36.1-க்குக் குறைந்தது. இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் நாம் மேலே பார்த்த 10 புள்ளிகளுக்கு அருகில்கூட வரவில்லை. இந்த ஆய்வை முன்னின்று நடத்திய ஃபேர்பேங்க் ஓர் எலும்பு அறுவை மருத்துவர். ஆஸ்வெஸ்ட்ரி வினாத்தாளை உருவாக்கியவர்களில் ஒருவரும் அவரே.

கழுத்தில் தண்டுவடமே அழுத்தப்பட்டால் கணக்கு முழுவதும் மாறுகிறது. அங்கே அறுவையின் முதல் நோக்கம் நோய் மேலும் முற்றாமல் தடுப்பது. இழந்தது திரும்பினால் அது கூடுதல் நன்மை. வலி குறைவாக இருப்பதால் இவர்கள் தாமதிக்கிறார்கள். சட்டைப் பொத்தான் போடத் தடுமாறுவது, சோறு பிசையும்போது கை ஒத்துழைக்காதது, பூத்தொடுக்க முடியாமல் போவது, செருப்பு காலிலிருந்து கழன்று விழுந்ததே தெரியாமல் நடப்பது ஆகியவற்றில் எது இருந்தாலும் நோட்டை ஒதுக்கி வைத்துவிட்டு உடனே மருத்துவரைப் பாருங்கள். இங்கே தாமதம் பலனைக் குறைக்கிறது.

இன்னும் அவசரமானது ஒன்று உண்டு. மிதிவண்டி இருக்கையில் படும் இடம் மரத்துப்போய், சிறுநீர் வராமல் நின்றாலோ தெரியாமல் கசிந்தாலோ, இரு கால்களும் தளர்ந்தாலோ, அன்றிரவே 108-ஐ அழைத்து, எம்.ஆர்.ஐ. வசதியும் முதுகெலும்பு அறுவைப் பிரிவும் உள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும். 48 மணி நேரத்துக்குள் அழுத்தம் நீக்கப்பட்டவர்களுக்குச் சிறுநீர்க் கட்டுப்பாடு மீளும் வாய்ப்பு அதிகம். காலையில் ஓ.பி. திறக்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

முதுகெலும்புக் காசநோயைப் பற்றிச் சொல்லாமல் சென்னையில் இருந்து இதை எழுத முடியாது. 1956-இல் தொடங்கப்பட்டு, இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்ற பெயரில் சேத்துப்பட்டில் இயங்கும் மையம், நடக்க முடியாத அளவுக்குக் கால் செயலிழக்காத 304 நோயாளிகளிடம் ஓர் ஆய்வு நடத்தியது. ஒரு குழுவுக்குப் பெரிய அறுவையும் ஆறு மாத மருந்தும், ஒரு குழுவுக்கு ஆறு மாத மருந்து மட்டும், மற்றொரு குழுவுக்கு ஒன்பது மாத மருந்து மட்டும் கொடுத்தார்கள். பத்து ஆண்டுகளுக்குப் பின் நல்ல நிலையில் இருந்தவர்கள் முறையே 90, 94, 99 சதவீதம். 15 வயதுக்குட்பட்ட, தொடக்கத்திலேயே 30 பாகைக்கு மேல் கூன் விழுந்திருந்த குழந்தைகளுக்கு மட்டும், மருந்து மட்டும் கொடுத்தபோது கூன் மேலும் வளர்ந்தது. அந்த முடிவுகள் 1999-இல் வெளியாயின. முதுகில் காசநோய் என்றதும் அறுவைதான் என்று அஞ்சி வருபவர்களுக்கு, நம் ஊர் நோயாளிகளிடமே நடந்த இந்த ஆய்வை நான் பொறுமையாக எடுத்துச் சொல்கிறேன்.

அறுவைக்கு முன் நம் கையில் இருப்பவை

புகைப்பதை நிறுத்தினால் எலும்பு இணைவது மேம்படும். மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்தால் தொற்று குறையும். மனச்சோர்வு இருந்தால் அதையும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், ஏனென்றால் அது அறுவையின் பலனைக் குறைப்பது நன்கு அறியப்பட்ட உண்மை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால், உங்களுக்குச் சொல்லப்பட்ட அறுவையும் அதில் வைக்கும் திருகாணிகளும் தொகுப்பில் அடங்குமா என்று மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் முன்பே கேட்டு எழுதி வாங்குங்கள். அவசரமில்லாத அறுவைக்கு இரண்டாம் கருத்து கேட்பது எப்போதும் நல்லது. அந்த மருத்துவரிடம் முதல் மருத்துவரின் பரிந்துரையைச் சொல்வதற்கு முன், நோட்டையும் படங்களையும் மட்டும் காட்டுங்கள்.

அறுவைக்குப் பிறகு

ஆறு வாரம், மூன்று மாதம், ஆறு மாதம், ஓராண்டு, இரண்டு ஆண்டு ஆகிய நாட்களில் அதே பக்கங்களை அதே முறையில் மீண்டும் நிரப்புங்கள். பழைய எண்களைப் பார்க்காமல் முதலில் எழுதிவிட்டு, பிறகு ஒப்பிடுவது நல்லது. கால் வலி பல நேரம் சில நாட்களிலேயே தணிகிறது. தசை வலு வாரங்களிலும் மாதங்களிலும் வரும். மரத்துப்போன உணர்வு எல்லாவற்றுக்கும் கடைசியில் வரும், சிலருக்குக் கொஞ்சம் மிச்சமும் இருந்துவிடும். கால் கட்டைவிரல் மரத்திருப்பதை வைத்து மட்டும் அறுவை தோற்றுவிட்டது என்று மனம் தளர வேண்டாம். காய்ச்சல், காயத்திலிருந்து நீர் அல்லது சீழ் கசிவு, நிமிர்ந்தால் வந்து படுத்தால் தணியும் தலைவலி, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிப்பது, புதிதாகக் கால் தளர்வது ஆகியவற்றுக்கு மறுபரிசோதனை நாள் வரை காத்திருக்கக் கூடாது. தண்டுவடம் காயமடைந்து நீண்ட பயிற்சி தேவைப்படுபவர்கள் கே.கே. நகரில் அரசு நடத்தும் மறுவாழ்வு மருத்துவமனையை நாடலாம்.

டிஸ்சார்ஜ் சம்மரியோடு அறுவைக் குறிப்பின் நகலையும், உள்ளே வைத்த பொருள்களின் ஸ்டிக்கரையும் கேட்டு வாங்கி நோட்டிலேயே ஒட்டிவிடுங்கள். இவற்றின் அருமை, வலி மீண்டும் வந்து இரண்டாம் அறுவை பற்றிப் பேச்சு எழும்போது தெரியும். இரண்டாம் அறுவையின் பலன் பொதுவாக முதல் அறுவையைவிடக் குறைவு. அதனால் முடிவு இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அப்போது மருத்துவர் முதலில் அறிய விரும்புவது, இடையில் வலி இல்லாத காலம் இருந்ததா, எத்தனை மாதம் இருந்தது என்பதைத்தான். முதல் நாளிலிருந்தே கால் வலி குறையவில்லை என்றால், அழுத்தம் முழுமையாக நீங்கவில்லையா, வலியின் காரணமே வேறா என்று ஆராய்வார். நன்றாகக் குறைந்து, சில மாதங்களில் மெல்ல மெல்லத் திரும்பியிருந்தால் நரம்பைச் சுற்றிய தழும்பை நினைப்பார். அதற்கு மறு அறுவை பெரும்பாலும் உதவுவதில்லை. ஆறு மாதத்துக்கும் மேலாக நன்றாக இருந்து, ஒரு நாள் திடீரென்று அதே காலில் பாய்ந்திருந்தால் ஜவ்வு மீண்டும் விலகியிருக்கலாம். அதற்கு அறுவை மறுபடியும் நல்ல பலன் தரக்கூடும். இந்த மூன்றில் உங்களுடையது எது என்பதை அவர் உங்கள் நோட்டிலேயே தேதியோடு படித்துக்கொள்வார்.